அம்மா தண்ணீர் விட்ட மாமரம்

என் அம்மா தன்னை எரிக்கும் மரத்தைத் தானே நட்டு வளர்த்தார். இதைச் சொன்னால் வெளியூர்ச் சனம் என்னை ஒரு மாதிரிப் பார்க்கும். பார்க்கட்டும். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்து எங்கள் காணியில் தறப்பாள் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த முதல் மாரியிலேயே, யாரோ தின்று எறிந்த மாங்கொட்டை முளைத்திருந்ததைக் கிளப்பிக் கொண்டுவந்து வாய்க்கால் கரையில் ஊன்றினார். தறப்பாளுக்குள் மழை ஒழுகுகிறது. சமைக்க ஒழுங்கான சட்டி இல்லை. இவர் மாங்கன்று நடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உது காய்க்கிற காலத்தில ஆர் இருப்பினம், ஆர் இருக்காயினம் எண்டு தெரியாது. இப்ப என்னத்துக்கு அம்மா உந்த வேலை?"

"காய்க்கெண்டு வைக்கேல்லைப் பிள்ளை," என்றார். "இது என்ர கட்டை."

எங்கள் ஆட்கள் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்து காணி எடுத்துக் குடியேறியவர்கள். வரும்போது மண்வெட்டியோடு சேர்த்துப் பழக்கங்களையும் கொண்டுவந்தார்கள். வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் அந்த வளவில் நிற்கிற மாமரத்தைத் தறித்து, அதே மரத்தில் அன்றைக்கே எரிப்பது அதில் ஒன்று. கடைக் கட்டையில் எரித்தால் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று ஊர் கதைக்கும். அதனால் எங்கள் வளவுகளில் மாமரம் இல்லாத வளவு கிடையாது.

அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. சண்டையின் கடைசி நேரத்தில் முல்லைத்தீவுக் கடற்கரை மணலில், நாங்கள் இருந்த பதுங்குகுழி வாசலிலேயே அவர் செத்துப்போனார். எரிக்க ஒரு சுள்ளி கிடையாது. கிடைத்திருந்தாலும் புகை எழுப்ப யாருக்கும் துணிவில்லை. நானும் அம்மாவும் சாப்பாட்டுக் கோப்பையால் மணலை அள்ளி மூடினோம். நெஞ்சுவரைக்கும் மூடினோம். அதற்குள் சனம் எழும்பி ஓடத் தொடங்கிவிட்டது, அண்ணன் அம்மாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நான் பின்னால் ஓடினேன். அப்பாவின் முகம் மூடப்படாமலே கிடந்தது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு இந்த ஒன்றைத் தவிர வேறு ஆசை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. என்னையும் அண்ணனையும் பக்கத்தில் இருத்திவைத்துச் சத்தியம் வாங்கினார்.

"என்னை அரைகுறையில விட்டிட்டு வந்திடாதேங்கோ. முழுசா எரிச்சு முடிச்சிட்டுத்தான் வரவேணும். இந்த மரத்திலதான். விளங்குதோ?"

"ஓமணை, விளங்குது," என்றோம். வேறென்ன சொல்வது?

நான் மல்லாவியில் ஒரு மரக்காலையில் வேலை செய்கிறேன். வாளில் அரிந்து வரும் பலகைகளைத் தூக்கி அடுக்குவதுதான் என் வேலை. பொம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை என்று ஆரம்பத்தில் கதைத்தார்கள். கதைத்தவர்கள் ஒருவரும் எங்கள் உலையில் ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்து போடவில்லை. நான் தூக்கினேன். தூக்கித் தூக்கி நான் கண்ட விஷயம், மரத்தின் பெயரைக் கேட்டு மரத்தை நம்பக்கூடாது என்பது. ஒரே அளவில் அரிந்து ஒரே காலம் காயவைத்த இரண்டு மாம்பலகையை எடுங்கள். ஒன்று இடுப்பை முறிக்கும். மற்றது ஒற்றைக் கையில் வந்துவிடும். இரண்டும் மாதான். நின்ற இடம்தான் வேறு.

கிரவல் மேட்டில் நிற்கிற மரம் மாரிக்குக் கொஞ்சம் பருக்கும். பிறகு கோடை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெட்டுமுகத்தைப் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், இடையில் நகம் இறங்காது. தண்ணீர் ஓயாத இடத்து மரத்துக்கு நிற்கவே தெரியாது. பெரும்போகத்துக்கும் வாய்க்காலில் தண்ணீர், சிறுபோகத்துக்கும் தண்ணீர். அது பாட்டுக்குப் பருத்துக்கொண்டே போகும். கோடுகள் விரலளவு தள்ளித் தள்ளி விழும். உள்ளே நார் மெலிந்து, தண்ணீர் ஓடுகிற குழல்கள் பெருத்துக் கிடக்கும். காயவைத்தால் தண்ணீர் போய்விடும், ஆனால் தண்ணீர் இருந்த இடத்துக்கு மரமா வந்து நிரம்பும்? வெறும் காற்றுத்தான். தண்ணீரூற்றுப் பக்கம் ஊற்று நிலத்தில் வளர்ந்த மாமரக் குற்றிகள் ஒரு லோட் எங்களிடம் வந்தபோது, வாள் பிடிக்கிற அண்ணர் ஒரு குற்றியை அரிந்துவிட்டு மெஷினை நிற்பாட்டினார். "உது மரமில்லை, பேக்கரிப் பாண்," என்றார். "தொட்டுத் தின்னச் சம்பல் இருந்தால் கொண்டு வாங்கோ." அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

தேக்கும் அப்படித்தான். காட்டுக்குள் மற்ற மரங்களோடு முட்டுப்பட்டு வளர்ந்த தேக்கில் எண்ணெய் இருக்கும், கறையான் கிட்டப் போகாது. வளவில் உரம் போட்டுத் தண்ணீர் கட்டி வளர்த்த தேக்கை அரிந்தால் பாதிக்கு மேல் வெள்ளை. அதைக் கொண்டுபோய்க் கதவு செய்து, இரண்டு மாரிக்குள் உளுத்துப்போய், பிறகு மரக்காலைக்கு வந்து எங்களோடு சண்டை பிடிப்பார்கள்.

வன்னியில் இன்னொரு கரைச்சலும் இருக்கிறது. நெருங்கிய வைரமான மரம் வேண்டுமென்றால் வயது வேண்டும். வயதுள்ள மரமென்றால் அது சண்டைக்குள் நின்ற மரம். அதற்குள் இரும்பு இருக்கும். செல் துண்டைச் சுற்றி மரம் வளர்ந்து மூடியிருக்கும், வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது, வாள் போய் அதில் முட்டிப் பல் பறக்கும்போதுதான் தெரியும். பிளந்து பார்த்தால் அந்த இடம் சுற்றிவரக் கறுத்து மை ஊறினதுபோல இருக்கும். அதனால் கிழட்டு மரங்களை முதலாளி வாங்குவதில்லை. காட்டுக்குள் போய்ப் பாலை, முதிரை போன்ற வைர மரங்களைத் தறிப்பதென்றால் பேர்மிட் வேண்டும், இல்லாமல் கால் வைத்தால் கேஸ். ஆகவே எங்களிடம் வருவதெல்லாம் சண்டைக்குப் பிறகு வளர்ந்த மரங்கள். இரும்பில்லாத மரங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்து அவசரமாக வளர்ந்தவை.

இவ்வளவும் தெரிந்த நான் அம்மாவின் மாமரத்தைப் பார்த்துப் பயந்ததில் என்ன ஆச்சரியம்? வாய்க்கால் கரையில் அது தானாகவே ஊதிக்கொண்டு போனது. அது காணாதென்று அம்மா வேறு. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், ஆட்டுப் புழுக்கை, சாம்பல் எல்லாம் அதன் அடிக்குத்தான். கோடையில் வாய்க்கால் வற்றினால் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார். மரம் எங்கள் வீட்டுத்திட்ட வீட்டின் கூரையை மிஞ்சிப் போனது. காய்ப்பு இல்லை, வெறும் இலை. பின்னேரங்களில் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்ப்பார். இரண்டு கையும் முட்டாமல் போன அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளைபோல.

"அம்மா, கோதாரி, உதுக்குத் தண்ணி விடாதேங்கோ," என்றேன். "ஊதி வளந்த மரம் எரிக்க உதவாது. தன்ர பாட்டில விடுங்கோ. காயட்டும். வாடட்டும். அப்பத்தான் உள்ளுக்கு உரம் வைக்கும்."

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"பட்டினி போடச் சொல்லுறியோ?"

"மரத்தைத்தானே அம்மா."

"நாங்கள் கிடந்த பட்டினி காணாதோடி? ஒரு மரத்தையும் பிடிச்சுப் பட்டினி போடவேணுமோ?"

சண்டையின் கடைசி மாதங்களில் அரிசிக் கஞ்சித் தண்ணீருக்காக அம்மா வரிசையில் நின்று வெறும் கோப்பையோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாளியைத் தூக்கி மிச்சத் தண்ணீரையும் ஊற்றினார். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

போன மாசி மாதம், பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கட்டிலை யன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி மரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "முழுசா எரிக்கக் காணும் என்ன?" என்று அண்ணனைக் கேட்டார்.

"கண்டபாட்டுக்குக் காணும் அம்மா. மிஞ்சும்," என்றான் அண்ணன்.

அவன் வயல்காரன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். அவ்வளவு பெரிய மரம்! அடுத்த நாள் பின்னேரம் அம்மா போய்விட்டார்.

விடிந்ததும் ஊர் ஆட்கள் வாள் மெஷினோடு மரத்தைத் தறிக்க வந்துவிட்டார்கள். வாள் ஒரு முக்கலும் இல்லாமல் இறங்கியது. வந்த தூள் வெள்ளையாக, ஈரமாக, அப்பக்காரி கரைத்த மாவுபோல விழுந்தது. அடிக்கட்டையிலிருந்து தண்ணீர் கசிந்து ஓடியது. நான் ஒரு குற்றியைப் புரட்டி வெட்டுமுகத்தைப் பார்த்தேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் என் பெருவிரல் படுத்தது. நகத்தால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது.

சடங்குகளை முன்னின்று நடத்தியவர் பெரியப்பா, அப்பாவின் தமையன். யாழ்ப்பாணத்திலேயே வளர்ந்து, அங்கே எத்தனையோ பேரை எரித்தவர். அவர் ஒரு குற்றியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பாரம் பார்! நல்ல கட்டை."

"அது தண்ணியின்ர பாரம் பெரியப்பா," என்றேன். "மரத்தின்ர பாரமில்லை. காய்ஞ்சால் இதில பாதியும் தேறாது. உது எரியாது. எரிஞ்சாலும் நிண்டு எரியாது. ஆரிட்டையாவது பாலை விறகு வாங்குவம். காசு நான் குடுக்கிறன்."

"எங்கட ஊரில மாவைத் தறிச்சு அண்டைக்கே எரிக்கிறதுதானே பிள்ளை? நான் பாக்காத செத்த வீடோ?"

"எங்கட ஊர் மா கல்லுக்குள்ள நிண்ட மா. இது வாய்க்காலுக்குள்ள நிண்டது."

"மா மாதானே."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். "அம்மா ஆசையா வளர்த்தவா, தங்கச்சி," என்றான். "வேற கட்டை வைச்சால் அவாவின்ர சொல்லை மீறினமாதிரி. சத்தியம் பண்ணிக் குடுத்தது நீயும்தான்." சத்தியம் இரண்டு பக்கமும் இழுத்தது. இந்த மரத்திலதான் என்றார், முழுசா என்றும் சொன்னார். அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துக் காணிக்காரர் மட்டும் நான் சொன்னதைக் கேட்டார். அவருடைய ஆட்கள் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். முதலில் ஜெயபுரத்தில் இருந்து, பிறகு எங்கள் பக்கம் வந்து குடியேறினார்கள். "அக்கா சொல்றது சரிதாங்க," என்றார். "தோட்டத்துல எங்கப்பா தேயிலைக்கு நெழலா வச்ச மரம் வெட்டுவாரு. மழையிலயே வளந்த மரம். அடுப்புல வச்சா கடதாசி மாதிரி எரியும், சோறு வேகாது." அவர் வீட்டுக்குப் போய்த் தன் குசினிக்கு வைத்திருந்த பாலை விறகைக் கட்டிக்கொண்டு வந்தார். சின்னக் கட்டு. அதை அடியில் போட அண்ணன் சம்மதித்தான். அவ்வளவுதான் நடந்தது.

மத்தியானத்துக்கு முன் தூக்கினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிட வேண்டும். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினேன். அண்ணி என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். வீடு கழுவினோம். தலை முழுகினோம். கொஞ்ச நேரத்தில் சுடலைப் பக்கம் பெரிய புகை தெரிந்தது, வெள்ளைப் புகை. பிறகு புகை குறைந்து நெருப்பு எழும்பியது எங்கள் வளவிலிருந்தே தெரிந்தது. "பார், எரியுதுதானே," என்றார் அண்ணி. எனக்கு அந்த உயரம் பிடிக்கவில்லை.

ஏனென்றால் பிணத்தை எரிப்பது சுவாலை அல்ல, தணல். பாரமான மரம் உடனே பற்றாது, பற்றினால் சுவாலையைப் பெரிதாகக் காட்டாது, ஆனால் மணிக்கணக்காகச் சிவந்து கிடந்து உள்ளுக்குள் வேகவைக்கும். ஊதின மரம் எண்ணெய் ஊற்றினால் கூரைக்கு எழும்பும், அவ்வளவு கெதியாக விழும். விழுந்தால் பொருபொருத்த சாம்பல்தான், தணல் நிற்காது. அம்மாவின் மரத்தில் தணலாவதற்கு உள்ளே என்ன இருந்தது? அரிசி கழுவின தண்ணீர் இருந்தது.

பின்னேரம் பக்கத்துக் காணிக்காரர் சைக்கிளில் வந்தார். படலைக்குள் வராமல் வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு அண்ணே சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நெருப்பு உக்காந்துருச்சுங்க. கட்டை பூராச் சாம்பலாப் போச்சு. ஆத்தா கெடக்காங்க."

"கிடக்கிறா எண்டால்? எவ்வளவு?"

அவர் சைக்கிள் கைபிடியைப் பார்த்தார். "நெஞ்சுலேர்ந்து இடுப்பு வரைக்கும். முகமும் பாதி."

படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். கடவுளே, திரும்பவும் முகமா?

அவர் பின்னாலேயே அண்ணன் உழவு மெஷினில் வந்து இறங்கினான். உடம்பு முழுக்கச் சாம்பல். ஒரு கலன் மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்றாம். ஊற்றுகிறபோது எழும்புகிறதாம், பிறகு படுத்துவிடுகிறதாம். மிச்சமிருந்த கொப்புகளையும் போட்டாயிற்றாம். கொட்டிலுக்குப் பின்னால் போய் எதையோ உருட்டிக்கொண்டு வந்தான். பார்த்தால் பழைய டயர்.

"டயர் ஒண்டு போட்டால் பிடிக்குமாம்," என்றான், என் முகத்தைப் பாராமல்.

"அம்மாவை டயரிலயோ எரிக்கப் போறியள்?" என்று கத்தினேன். "நாயோ அவா? உதை அங்கால போடுங்கோ! போடுங்கோ அண்ணை உதை!"

அவன் டயரை விட்டுவிட்டு முற்றத்தில் குந்தி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அண்ணன் அழுதால் எனக்குத் தாங்காது. ஆனால் அழ நேரமில்லை. மரக்காலை முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் வவுனியாவில் நின்றார், திறப்பும் அவரிடம்தான். திறந்தாலும் அங்கே என்ன இருக்கிறது? வெள்ளைத் தேக்கும் இன்னும் கொஞ்சம் பாணும்.

அப்போதுதான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு முன் வாசல் நிலையும் கதவும் முதிரை. சண்டைக்கு முன் காடு வெட்டிக் காணி திருத்தியபோது நின்ற கிழட்டு மரமொன்றை அப்பா அரிவித்துச் செய்வித்தது. இடம்பெயரும்போது அதைக் கழற்றி உழவு மெஷினில் ஏற்றிக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய், ஏலாமல், தெரிந்தவர் காணியொன்றில் போட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மழையிலும் வெயிலிலும் கிடந்தும் ஒரு மூலைகூட உக்காமல் இருந்தது. வீட்டுத்திட்டத்தில் தந்த நிலையை விற்றுவிட்டு இதை வைத்துக் கட்டினோம். அதைத் தூக்கி நிறுத்த நாலு ஆம்பிளைகள் தேவைப்பட்டார்கள்.

"அண்ணை, அலவாங்கு எங்க?" என்றேன்.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. "அது அப்பாவின்ர நிலை," என்றான்.

"அப்பா கோவிக்கமாட்டார். எழும்புங்கோ."

அலவாங்கின் இரும்பு முனையால் நானே முதல் குத்தைக் குத்தினேன். சீமெந்து பறந்தது. சத்தம் கேட்டுப் பெரியப்பா ஓடி வந்தார். செத்த வீட்டில் நிலையைப் பிடுங்குவதா, வீட்டுக்கு ஆகாது, குடும்பம் விளங்காது என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். அவரும் சுடலையில் நின்றுவிட்டு வந்தவர், கண்டவர். அவர் குரலில் பலமே இல்லை. "வீட்டுக்கு ஆகாட்டி வீடு போகட்டும் பெரியப்பா," என்றேன். "நாங்கள் வீடில்லாமல் இருந்து பாத்த ஆக்கள்தானே. கதவைப் பிடியுங்கோ." அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கதவைப் பிடித்தார்.

சுவர் உடைந்து, நிலை சரிந்து விழுந்தபோது நிலம் அதிர்ந்தது. காலையில் மரம் தறித்த வாள் மெஷினால் அண்ணன் அதைத் துண்டாக்கினான். வாள் கத்தியது, புகைந்தது, ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று நின்று போனது. மஞ்சள் தூள் பறந்தது. வெட்டுமுகத்தில் கோடுகளைத் தேடினேன், கண்ணுக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு நெருக்கம். ஊரில் இருந்த பெண்கள் சொல்லாமலே சிரட்டையும் தேங்காய்ப் பொச்சுமாகச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாவற்றையும் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றினோம். ஏற்றி முடித்ததும் நானும் ஏறிக் கதவின் மேல் இருந்தேன்.

"நீ இறங்கு பிள்ளை," என்றார் பெரியப்பா. "பொம்பிளையள் அங்க வாறேல்லை."

"அப்பாவை அரைகுறையில விட்டிட்டு ஓடி வந்தனான்," என்றேன். "அம்மாவையும் விட்டிட்டு இருக்க என்னால ஏலாது. நீங்கள் என்னைத் தூக்கி வெளியில எறிஞ்சாலும் நடந்து வருவன்."

அண்ணன் மெஷினை ஸ்டார்ட் பண்ணினான்.

அங்கே கண்டதை முழுதாக எழுத மாட்டேன். மாமரம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக்கூட ஒன்றுமில்லை, காற்றுக்குப் பறக்கிற வெள்ளைச் சாம்பல். அதற்கு நடுவில் அம்மா கிடந்தார். முகத்தின் ஒரு பக்கம் அம்மாவாகவே இருந்தது. காது இருந்தது. என்னைச் சின்னதில் மடியில் போட்டுப் பேன் பார்த்த அம்மா. நான் கிட்டப் போய்க் குனிந்து, "கொஞ்சம் பொறணை அம்மா, வந்திட்டன்," என்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

நானும் பக்கத்துக் காணிக்காரரும்தான் அடுக்கினோம். மிஞ்சிய பாலைத் தணலை ஒன்றாகக் கூட்டி, அதன்மேல் சிரட்டை போட்டு, முதிரைத் துண்டுகளைக் காற்றுப் போக இடம் விட்டுக் கீழும் பக்கமுமாக வைத்தோம். கதவுப் பலகைகளை மேலே வைத்தோம். முகத்துக்கு மேல் வைக்கவேண்டிய பலகையை அண்ணன் வைத்தான். முதலில் பற்றவில்லை. பெரியப்பா முணுமுணுத்துத் தேவாரம் சொன்னார். பிறகு ஓரங்களில் எண்ணெய் கசிந்து, பொரிந்து, நீலமாகப் பிடித்தது. சுவாலை இடுப்புக்கு மேல் எழும்பவேயில்லை. ஆனால் கிட்ட நிற்க முடியாத சூடு. பின்வாங்கிப் பின்வாங்கிச் சுடலையோர வாய்க்கால் கட்டுவரைக்கும் போய்விட்டோம்.

பெரியப்பாவை வீட்டுக்கு அனுப்பினோம். நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். இருட்டியது, விடிந்தது. அந்தத் தணல் விடியும்வரை சிவந்தே கிடந்தது. வெளிச்சம் வந்ததும் அண்ணன் நீண்ட கம்பொன்றை எடுத்துக்கொண்டு போய்க் கிளறினான்.

"முடிஞ்சுது," என்றான்.

"வடிவாப் பாருங்கோ."

திரும்பவும் கிளறினான். "ஒண்டும் இல்லை தங்கச்சி. முடிஞ்சுது."

நான் எழும்பிப் போய் அவன் கையிலிருந்த கம்பை வாங்கினேன். கால்மாட்டிலிருந்து தலைமாடு வரைக்கும் ஒரு சாண் விடாமல் கிளறிப் பார்த்தேன். வெள்ளை எலும்புத் துண்டுகள், அவையும் கம்பு பட்டதும் உதிர்ந்தன. தலைமாட்டில் இன்னொருதரம் பார்த்தேன். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு நின்று, அந்தச் சுடலை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:

"அம்மா, முழுசா முடிஞ்சுதணை."